நான்கு வயதுக்கும் ஏழு வயதுக்கும் சோழர் கோயில்கள் எதற்கு? – ஒரு பயண ஆலோசனை

கேள்வி – கோவைத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில், அரையாண்டு விடுமுறையில், தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகிய மூன்றையும் குடும்பத்தோடு பார்த்து வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். மகளுக்கு நான்கு வயது முடிந்திருக்கிறது. உடன் வரப்போகும் என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் படிகளும் நீண்ட நடையும் அவருக்கு ஆகா.

இந்தக் கேள்வியை எழுதக் காரணம், கடந்த மே மாதம் மாமல்லபுரத்துக்குச் சென்று பட்ட பாடுதான். பகல் பதினொரு மணிக்கு ஐந்து இரதங்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்குள்ள மணலில் பத்து அடி வைப்பதற்குள் மகள் இடுப்பில் ஏறிக்கொண்டாள். அதன்பின் இறங்கவே இல்லை. மகனுக்கு நான் பல்லவர் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். மகேந்திரவர்மனைத் தாண்டி நரசிம்மவர்மனுக்கு வருவதற்குள், "அப்பா, இதெல்லாம் கல்லுதானே, எப்போது கடலுக்குப் போகலாம்?" என்று கேட்டுவிட்டான். அன்று பிற்பகல் முழுவதும் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்வதே தவறா, அல்லது அழைத்துச் சென்ற முறை தவறா என்பதை அறிய விரும்புகிறேன். மூன்று நாள்களில் மூன்று கோயில்களையும் பார்ப்பது பிள்ளைகளுக்கு அதிகமா? எங்கே தங்கினால் நல்லது? பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – கும்பகோணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளி மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு இந்த மூன்று கோயில்களுக்கும் போய் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாமல்லபுரத்தில் தவறு பிள்ளைகளுடையது அன்று. மே மாதத்துப் பதினொரு மணி வெயிலில் மணலில் நின்று பரம்பரை வரிசை கேட்க என்னாலும் முடியாது. அருச்சுனன் தபசுப் பாறையில், அந்தத் தவசியைப் போலவே கைகளை உயர்த்தி ஒரு பூனை தவம் செய்வதையும் அதன் காலடியில் எலிகள் விளையாடுவதையும் உங்கள் மகனுக்குக் காட்டினீர்களா என்று தெரியவில்லை. காட்டியிருந்தால் கடலைச் சற்று நேரம் மறந்திருப்பான்.

முதலில் பயணத்தின் வரிசையைச் சொல்கிறேன். பெரும்பாலோர் தஞ்சாவூரில் தொடங்குகிறார்கள். நான் அதை விரும்புவதில்லை. 216 அடி உயர விமானத்தை முதல் நாளே பார்த்துவிட்ட பிள்ளைக்கு மறுநாள் தாராசுரத்தைக் காட்டினால், "இது சின்னக் கோயில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். எனவே தாராசுரத்தை முதலிலும், கங்கைகொண்ட சோழபுரத்தை நடுவிலும், தஞ்சாவூரைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன சதாப்தி ரயில் தஞ்சாவூர் வழியாகக் கும்பகோணத்துக்கு வருவதால், போகும்போது நேரே கும்பகோணத்தில் இறங்கி அங்கே இரண்டு இரவுகளும், பிறகு தஞ்சாவூரில் ஓரிரவும் தங்கி, அங்கிருந்தே ஊர் திரும்பிவிடலாம்.

தாராசுரம் கும்பகோணத்தை அடுத்தே இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கோயிலைப் பிள்ளைகளுக்காகவே கட்டினார்களோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. முன்மண்டபம் தேர் வடிவில், கல் சக்கரமும் பாய்ந்து செல்லும் குதிரையுமாக நிற்கிறது. சுவரின் அடிப்பகுதியில் அறுபத்து மூன்று நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்குக் குனியும் வேலையும் இல்லை. கண்ணப்பரையும், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட கதையையும் முந்தைய இரவே படுக்கையில் சொல்லி வைத்துவிட்டு, "நாளைக்கு இவர்களைச் சுவரில் கண்டுபிடிக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஒரு சிற்பம் உண்டு. இடப்பக்க உடலை உள்ளங்கையால் மறைத்தால் ஒரு விலங்கு தெரியும். வலப்பக்கத்தை மறைத்தால் வேறொரு விலங்கு தெரியும். கல்லில் கை படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து மறைக்கப் பழக்குங்கள். எத்தனையோ மாணவர்கள் அந்தக் கல்லின் முன் வரிசையில் நின்று, தங்கள் முறைக்காகச் சண்டையிட்டதைப் பார்த்திருக்கிறேன். கோயிலில் யாரைக் கேட்டாலும் அது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பலிபீடத்துக்கு அருகிலுள்ள படிகளைத் தட்டினால் இசை எழும் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். அந்தப் படிகளைக் கம்பி வேலியிட்டுக் காத்து வைத்திருக்கிறார்கள். தட்ட முடியாது என்று தெரிந்தவுடன் எழும் அழுகையை அடக்க அரை மணி நேரம் ஆகும்.

கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அணைக்கரை வழியாகத்தான் போவீர்கள். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அந்தக் கீழணையைக் கட்டியபோது, இராசேந்திரன் எழுப்பிய அந்தக் கோயிலிலிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்துதான் கட்டினார்கள். போகும் வழியில் அணையில் வண்டியை நிறுத்தி இதைச் சொல்லிவிட்டு, பிறகு கோயிலில் இடிந்துபோன மதிலைக் காட்டினால், காணாமற்போன கற்கள் எங்கே போயின என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தானே விளங்கும். அரசமரபு வரிசையை விட இது நன்றாக மனத்தில் நிற்கும் என்பது என் அனுபவம்.

கோயிலைச் சுற்றிலும் புல்வெளி இருப்பதால் பிள்ளைகள் ஓடலாம். உங்கள் தாயார் நிழலில் அமர்ந்திருக்கலாம். வாயைப் பிளந்து அமர்ந்திருக்கும் பெரிய சிங்க உருவத்தின் வழியாகப் படிகள் இறங்கும் சிம்மக்கேணி ஒன்று அங்கே உண்டு; மகளுக்கு அது போதும். மகனுக்கு, வடபுறப் படிகளுக்கு அருகே சிவபெருமான் சண்டேசருடைய தலையில் பூமாலையைச் சுற்றிவிடும் சிற்பத்தைக் காட்டுங்கள். சண்டேசரின் குனிந்த தலையையும் கூப்பிய கைகளையும் பார்த்தால், மாலை பெறுவது எப்படியிருக்கும் என்பதைப் பரிசளிப்பு விழா மேடையில் நின்ற எந்தப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

அங்கே நல்ல உணவகங்களுக்கு ஜெயங்கொண்டம் வரை போக வேண்டியிருக்கும். காலையிலேயே புளிச்சோறும் தண்ணீரும் கட்டி எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

தஞ்சாவூரைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

பதில் – இரட்டையர்களின் தாய்

சகோதரருக்கு வணக்கம். எங்களுக்கு ஆறு வயது இரட்டைப் பிள்ளைகள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரிய கோயிலுக்குச் சென்றபோது நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மாளிகையில் இலிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. மூத்தவன் (மூன்று நிமிடம்தான் மூத்தவன்) அவற்றை எண்ணத் தொடங்கினான். நல்லதுதானே, அமைதியாக இருக்கிறான் என்று நாங்கள் விமானத்தின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது அவனைக் காணவில்லை. அன்று பிரதோஷம் என்பது எங்களுக்குத் தெரியாது. நந்தியைச் சுற்றி மாலை நேரத்துக் கூட்டம் நிரம்பி வழிந்தது. பத்து நிமிடங்கள் கழித்து மறுமூலையில் கண்டுபிடித்தோம். அவன் பயப்படவே இல்லை. நாங்கள் கூப்பிட்டதால் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது என்று எங்கள் மீது கோபப்பட்டான்.

அன்றிலிருந்து சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளையின் முன்கையில் பேனாவால் கைப்பேசி எண்ணை எழுதிவிடுகிறேன். வழிதவறினால் நந்தியின் முன் வந்து நிற்க வேண்டும் என்று உள்ளே நுழைந்தவுடன் காட்டிச் சொல்லிவிடுகிறேன். கோயிலின் எந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளையால் தேடிக்கொண்டு வர முடிந்த இடம் அதுதான். பயணத் தேதி பிரதோஷத்தில் விழுகிறதா என்று நாள்காட்டியில் பார்த்துவிடுகிறேன். பிரதோஷ வழிபாட்டைக் காண வேண்டும் என்பவர்கள் அன்றே செல்லலாம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடு வேண்டாம்.

இன்னொன்று, காலுறை. செருப்பை வாயிலிலேயே விட்டுவிட்டுக் கருங்கல் தளத்தில் நடக்க வேண்டும். டிசம்பரில்கூடப் பத்தரை மணிக்கு மேல் அந்தத் தளம் பிள்ளைகளின் பாதத்துக்குச் சுடுகிறது. தடித்த காலுறை அணிவித்தால் தாங்கிக்கொள்வார்கள். நண்பகல் பன்னிரண்டரை அளவில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குத் திறப்பார்கள் என்பதால், காலை ஏழு மணிக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்பிவிடுவது, மாலையில் மீண்டும் ஒரு முறை போவது என்று வைத்துக்கொண்டால், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. பிற்பகலில் பிள்ளைகள் உறங்கட்டும். எங்கள் வீட்டில் முதலில் உறங்குவது பிள்ளைகளின் தந்தைதான்.

பதில் – மாற்றுக் கருத்துடையவர்

மற்றவர்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குப் பத்து வயதாகும் வரை இந்த இடங்களுக்கு அழைத்துச் செல்வதால் பயன் இல்லை என்பது என் எண்ணம். என் மகனை ஏழு வயதில் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றேன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அந்தப் பயணத்தில் அவனுக்கு நினைவிருப்பது, கோயிலுக்கு வெளியே வாங்கிய தலையாட்டிப் பொம்மை மட்டுமே. அந்தப் பொம்மையும் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே கழுத்து உடைந்துவிட்டது. ரயில் கட்டணம், விடுதி, வாடகை வண்டி என்று இவ்வளவு செலவு செய்து, முழங்கால் வலியுள்ள தாயாரையும் அலைக்கழித்து, நினைவில் நிற்காத ஒன்றைக் காட்டுவானேன்? அதற்குச் சில ஆண்டுகள் காத்திருந்தால், பாடநூலில் சோழர் வரலாறு வரும்போது அவனே கேட்பான்.

அப்படியும் போவதாக இருந்தால், வியப்பூட்டும் செய்திகளைச் சொல்லுங்கள். உச்சியிலுள்ள கல் ஒரே கல், 80 டன் எடை. விமானத்தின் நிழல் தரையில் விழாது. இப்படிச் சொன்னால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்வெட்டும் காலவரிசையும் அவர்களுக்கு எதற்கு?

பதில் – கும்பகோணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே எழுதிய நண்பர் செலவைப் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நினைவைப் பற்றிச் சொல்வதை என்னால் மறுத்து நிறுவ முடியாது. ஆனால் தாராசுரத்து யானைக்காளையின் முன் சண்டையிட்ட மாணவர்களில் ஒருவர், இப்போது தம் மகளை அழைத்துக்கொண்டு அதே கல்லைத் தேடி வந்து, வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். ஒருவர் வந்ததை வைத்து எல்லாருக்கும் நினைவிருக்கும் என்று சொல்ல மாட்டேன்; அவருக்கு நினைவிருந்தது.

அந்த இரண்டு வியப்புச் செய்திகளை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நிழல் விழாத கட்டடம் உலகில் எங்கும் இல்லை. பெரிய கோயிலின் நிழல் நாள்தோறும் விழுகிறது. சிகரம் ஒரே கல்லாலானது அன்று, பல கற்களை இணைத்துச் செய்தது என்றே அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் ஒரு பொய்யை நம்பிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் அப்படியில்லை, தரையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, அப்பா சொன்ன மற்றவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

நிழலையே பயன்படுத்திக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. டிசம்பரில் சூரியன் தென்புறமாகச் சாய்ந்தே செல்வதால், விமானத்தின் வடபுறம் நாள் முழுவதும் பெரும்பாலும் நிழலில் இருக்கும். மாலையில் அந்த நிழல் வடகிழக்காக நீண்டு, சண்டிகேசுவரர் சன்னிதியைத் தாண்டித் திருச்சுற்று வரை போகும். பிள்ளைகளை அந்தப் பக்கமாக நடக்க விட்டால் கால் சுடாது. அங்கே நின்று மேலே பார்க்கும்போது, விமானத்தின் வடபுறத்தில் தொப்பி அணிந்த ஒரு மனிதரின் உருவம் தெரியும். பிற்காலத்துத் திருப்பணியின்போது சேர்ந்தது என்பார்கள். யார் என்பதைப் பற்றிப் பல கதைகள் உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு பைனாகுலரை மகன் கையில் கொடுத்து, "தொப்பி போட்டவரைக் கண்டுபிடி" என்றால் கால் மணி நேரம் உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

வியப்பு வேண்டுமென்றால் அங்கே உண்மையான வியப்புக்குப் பஞ்சமில்லை. வாயிற்காவலர் சிலைகளின் காலடியைப் பாருங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? அந்தப் பாம்பே காவலரின் காலடியில் சிறு புழுவைப் போலக் கிடக்கிறது என்றால், அந்தக் காவலர் எவ்வளவு பெரியவர்? அவரே விரலை நீட்டி உள்ளே இருப்பவரைச் சுட்டிக்காட்டி வியக்கிறார் என்றால், உள்ளே இருப்பவர்? சிற்பி கேட்கும் இந்தக் கேள்விகளை நீங்கள் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்; விடையை மகன் சொல்லட்டும்.

கல்வெட்டு பிள்ளைகளுக்கு எதற்கு என்று நண்பர் கேட்டார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியும் அல்லவா? சுவரின் அடித்தளத்தில் ஓடும் வரிகளில் ட, ப போன்ற எழுத்துகள் இன்று நாம் எழுதுவதைப் போலவே இருக்கும். க என்பது கூட்டல் குறியைப் போல இருக்கும். புள்ளிகளைப் பெரும்பாலும் காண முடியாது. 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோயிலில் தன் பெயரின் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. தான் கொடுத்தவற்றோடு அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னவன் இராசராசன். கோயிலுக்காக அழைத்து வரப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை அங்கே எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தையற்காரரும் நாவிதரும் கணக்கரும் அந்தக் கல்வெட்டில் உண்டு. உங்கள் வீட்டு முகவரி உங்கள் மகனுக்கு மனப்பாடமாகத் தெரியும் என்றால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய முகவரிகள் இவை என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு காலைப் பொழுதை அரண்மனைக்கு ஒதுக்குங்கள். செப்புத் திருமேனிகளைப் பிள்ளைகள் வேகமாகக் கடந்துவிடுவார்கள், பரவாயில்லை. தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலம் ஒன்றின் எலும்புகளை அங்கே வைத்திருக்கிறார்கள். மன்னர்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றாலும், உங்கள் மகளுக்கு அரண்மனை என்றால் அதுதான் என்றாகிவிடும்.

பதில் – முதியவர்களோடு பயணம் செய்பவர்

தாயாரின் முழங்கால் வலியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். பெரிய கோயிலின் வெளிமுற்றம் சமதளம். ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்டது. கருவறைக்குச் செல்லத்தான் படிகள் ஏற வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்திலும் அப்படியே. அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் தரிசனத்துக்குச் செல்லும்போது பிள்ளைகளை மனைவி முற்றத்தில் பார்த்துக்கொள்ள, பிறகு மாற்றிக்கொள்ளலாம்; எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாராசுரம் தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருப்பதால் மழைக்காலத்தில் முற்றத்தில் நீர் தேங்கும். அங்கே மட்டும் வழுக்காமல் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

பதில் – கோவைத் தந்தை

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு வீடு திரும்பினோம். நடந்ததைச் சொல்லிவிடுவதுதான் முறை.

ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையிலேயே சென்றோம். கும்பகோணத்தில் இறங்கிய அன்று நல்ல மழை. மறுநாள் காலை தாராசுரத்து முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு நீர் நின்றது. நாயன்மார் கதைகளை இரவில் சொல்லி வைத்திருந்தும், மகள் எந்தச் சிற்பத்தையும் பார்க்கவில்லை. அந்த நீரில் நடந்துகொண்டே இருந்தாள். தேரின் சக்கரம் நீரில் தலைகீழாகத் தெரிந்தபோது மட்டும், "தேர் ஆற்றில் போகிறது" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். மகன் கண்ணப்பரைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் கண்டுபிடித்தது வேறொரு நாயனார் என்று தோன்றுகிறது. எனக்கே தெரியாததால் திருத்தவில்லை. யானைக்காளையை அவனும் என் தாயாரும் மாறி மாறி மறைத்துப் பார்த்ததில் இருபது நிமிடம் கழிந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் புறப்படத் தாமதமாகி, பத்தரை மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மகளுக்கு உள்ளே வரவே விருப்பமில்லை. என் மனைவி அவளோடு புல்வெளியில் அமர்ந்து புளிச்சோற்றைப் பிரித்துவிட்டாள். முன்பாக இருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும். அணைக்கரையில் நிறுத்திக் கற்களின் கதையைச் சொன்னது மட்டும் மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்தக் கற்களைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தால் அணை உடைந்துவிடுமா என்று ஊர் திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

தஞ்சாவூரில் மாலை நான்கரை மணிக்கு விமானத்தின் வடபுறம் நடந்தோம். நிழல் விழாது என்ற செய்தியை நான் சொல்லவில்லை. ஆனால் அருகில் வந்துகொண்டிருந்த ஒரு குழுவுக்கு வழிகாட்டி ஒருவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்ததை மகன் கேட்டுவிட்டான். சற்று நேரம் தரையையே பார்த்தான். பிறகு வெயிலும் நிழலும் சந்திக்கும் கோட்டின் மீது ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்றுகொண்டு, "அப்பா, இந்தக் கால் சுடுகிறது, இந்தக் கால் சுடவில்லை, அப்படியென்றால் இது யாருடைய நிழல்?" என்று அந்த வழிகாட்டிக்குக் கேட்கும்படியாகவே கேட்டான். அவர் நல்லவர், சிரித்துவிட்டு, குழுவை அந்தப் பக்கம் அழைத்துப் போய்விட்டார்.

தொப்பி போட்டவரைக் கண்டுபிடித்தது என் தாயார்தான். பைனாகுலர் கண்ணுக்கு ஒத்துவரவில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கண்ணாலேயே பார்த்துச் சொன்னார். கல்வெட்டில் மகன் தேடியது தன் பெயரின் எழுத்தை அன்று. தங்கையின் பெயர் ப-வில் தொடங்குவதால் அதைத் தேடிக் கண்டுபிடித்தான். ஒரு வரியிலேயே நான்கைக் காட்டினான். திமிங்கல எலும்பைப் பற்றி ஐயா எழுதியது அப்படியே பலித்தது. "ராஜா வீட்டில் மீன் வளர்த்தார்கள்" என்று மகள் இன்று காலை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திருத்த முயன்று தோற்றுவிட்டோம்.

செலவைப் பற்றி எச்சரித்த நண்பருக்கு: கணக்கு நீங்கள் சொன்னபடிதான் ஆயிற்று. தலையாட்டிப் பொம்மையும் வாங்கினோம். இதை எழுதும் வரை கழுத்து நன்றாக இருக்கிறது.

இனிச் செல்பவர்களுக்காக ஒரே ஒரு திருத்தம். காலுறையை ஆளுக்கு ஓர் இணை என்று எடுத்துச் சென்றோம். தாராசுரத்து நீரில் மகளுடையவை நனைந்துவிட்டதால் தஞ்சாவூரில் என்னுடையவற்றை அவளுக்கு அணிவிக்க வேண்டியதாயிற்று. அவை அவளுக்குத் தொடை வரை வந்தன. வெறுங்காலோடு நான் நிழலோரமாகவே சுற்றி வந்தேன். ஆளுக்கு இரண்டு இணை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளை நிறம் வேண்டாம்.